ஆடு தொடாத வேலி

லயத்து வீட்டுத்தோட்டம் மழைக்காலத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். போஞ்சி கொடி ஏறும், கீரை தழைக்கும். ஜூன் பிறந்து ஊவாப் பக்கம் காற்று கிளம்பிவிட்டால் எல்லாம் சருகுதான். பீலித் தண்ணீர் குடிக்கவே போதாதபோது செடிக்கு எங்கே ஊற்றுவது? மிஞ்சியிருக்கிற நாலு பச்சையையும் பக்கத்து வீட்டு ஆடு வந்து மேய்ந்துவிடும். நம்மிடம் வருகிற பிணக்குகளில் இந்த ஆட்டுச் சண்டைக்கென்றே தனிக் கொப்பி போடலாம்.

இதற்கு நாம் சொல்கிற செடி ஆடாதோடை. சிங்களத்தில் பாவட்டா என்பார்கள். மாவிலை போல நீண்ட இலை, வெள்ளைப் பூ. ஆடு தொடாத இலை என்பதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கசப்பு அப்படி! வேர் பிடித்துவிட்டால் வறட்சியிலும் பச்சையாகவே நிற்கும்.

விதை தேட வேண்டியதில்லை. ஐப்பசி மழை தொடங்கியதும் முற்றிய கம்பாகப் பார்த்து, விரல் பருமனில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி சற்றுச் சாய்த்து, அடிக்கு ஒன்றாக நடுங்கள். சரிவான இடமென்றால் சரிவுக்குக் குறுக்கே வரிசை போக வேண்டும். அப்போதுதான் மழையில் மண் இறங்காமல் தடுக்கும். கானுக்குள் மட்டும் நட்டுவிடாதீர்கள். கான் அடைபட்டால் தண்ணீர் காம்பராவுக்குள்தான் வரும். முதல் வருஷக் கோடையில் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினாலே தாங்கிக்கொள்ளும். பிறகு கவ்வாத்துக் கத்தியால் இடுப்பளவுக்கு வெட்டி வரலாம். கவ்வாத்து எப்படி என்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா! வெட்டிய தழையை மரக்கறிப் பாத்தியில் போட்டால் மக்கி உரமாகும்.

பதுளை, பசறை, கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இது நன்றாக வரும். நுவரெலியா போலப் பனி கொட்டுகிற இடத்தில் இதை நம்பி வேலி வைக்க வேண்டாம். நடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எல்லை போடுங்கள். ஆட்டுச் சண்டை போய் வேலிச் சண்டை வந்தால் என்ன பிரயோசனம்?

இன்னொன்று. இருமலுக்கு ஆடாதோடைக் கசாயம் நம் ஆட்கள் காலங்காலமாகக் குடிப்பதுதான். ஆனால் கர்ப்பிணிப் பெண்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும், கரு கலையலாம். வாசலிலேயே மருந்து இருக்கிறதென்று மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருக்கவும் வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அது காசநோயாகவும் இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதித்துப் பாருங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.