வாளை உருவாமல் ஒரு வெற்றி

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியே ஒரு சாகசக் கதையை வளர்க்கும் விளையாட்டு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய அது 1974இல் வெளியானது. போர்க்கள விளையாட்டுகளின் வழிவந்தது என்பதால் சண்டைக்கு அதில் விரிவான விதிகள் உண்டு. பின்னாளில் பேச்சு, மலையேற்றம், மருத்துவம் போன்ற திறன்களுக்கும் விதிகள் வந்தன. ஆனாலும் ஒரு அரசனைச் சமாதானத்துக்கு இணங்க வைப்பது பல நேரம் ஒரே பகடை வீச்சில் முடிந்துவிடும். பேச்சில் வல்லவர் உருட்டுவார். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க 2008இல் வந்த நான்காம் பதிப்பு ‘ஸ்கில் சேலஞ்ச்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. குழுவினர் தத்தம் திறனைப் பயன்படுத்தி 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். குறிப்பிட்ட அளவு தோல்விகள் சேர்வதற்குள், தேவையான வெற்றிகளைச் சேர்த்துவிட்டால் சவாலில் ஜெயம். எளிய சவாலுக்கு 4 வெற்றிகள், மிகக் கடினமானதற்கு 12. வெற்றிகளில் பாதி அளவு தோல்விகளே முதலில் எல்லையாக இருந்தன. அதே ஆண்டில் வந்த திருத்தம் எல்லாச் சவால்களுக்கும் 3 தோல்விகள் என்று மாற்றி, எட்ட வேண்டிய எண்களையும் குறைத்தது.

எண்களைக் குறைக்காவிட்டால் என்ன ஆகும்? பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீச்சிலும் வாய்ப்பு 65 சதவீதம். 3 தோல்விகளுக்குள் 4 வெற்றிகள் சேர்க்கும் வாய்ப்பும் ஏறத்தாழ 65 சதவீதம்தான். ஆனால் 12 வெற்றிகள் வேண்டுமென்றால் அது சுமார் 8 சதவீதத்துக்குச் சரிந்துவிடும். நீளத்தைக் கூட்டும்போதே கடினமும் ஏறுகிறது என்பதை வடிவமைப்பாளர் மறக்கக் கூடாது.

கணக்கு சரியாக இருந்தாலும் கதை நகராவிட்டால் பயனில்லை. ஒவ்வொரு வீச்சும் நிலைமையை மாற்ற வேண்டும். அமைச்சரை வசப்படுத்தினால் அரசனின் அந்தரங்க அறைக்கு வழி திறக்கட்டும். தவறினால் எதிரியின் தூதுவன் முந்திக்கொள்ளட்டும். தோல்வி கதையை நிறுத்தக் கூடாது, வேறு பாதையில் தள்ள வேண்டும். வரலாறு அறிந்தவருக்கும் பூட்டுத் திறப்பவருக்கும் அங்கே வேலை இருக்க வேண்டும்.

ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ (2017) என்ற இதே வகை விளையாட்டு இதை அழகாகச் செய்கிறது. 4, 6 அல்லது 8 துண்டுகளாகப் பிரித்த வட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து, காரியம் முன்னேற முன்னேறத் துண்டுகளை நிரப்புவார்கள். நெருங்கும் ஆபத்துக்கு இன்னொரு வட்டம். எது முதலில் நிரம்பும் என்பதை எல்லோரும் கண்ணெதிரே பார்ப்பதால், வாளை உருவாமலே பதற்றம் கூடும்.

இத்தகைய சவாலை நீங்கள் வடிவமைப்பதானால், ‘தோற்றால் என்ன நடக்கும்?’ என்பதை முதலில் எழுதுங்கள். அதற்குச் சுவையான விடை கிடைக்காத இடத்தில் பகடையே வேண்டாம்.