பழுது பார்த்த வண்டி மீண்டும் பழுதானால்: சட்டத்தில் நமக்கு என்ன வழி?



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து நம் அறக்கட்டளை அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்தபோது ஒரு சகோதரர் வந்தார். சொந்தமாக ஒரு கார் வைத்து, தானே வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். எஞ்சின் சூடேறுகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறார். ஹெட் கேஸ்கட் மாற்றியதாகச் சொல்லி 38,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். இருபதே நாளில், பயணிகளோடு போகும்போது வண்டி நடுவழியில் கொதித்து நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்காரரோ, "நீங்கள் தண்ணீர் பார்க்காமல் ஓட்டிவிட்டீர்கள்" என்று கையை விரித்துவிட்டார்.

கோபத்தில் நம் சகோதரர் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் இழுத்துச் சென்று, அன்றே பிரிக்கச் சொல்லி, மேலும் 46,000 ரூபாய் செலவழித்துச் சரிசெய்துவிட்டார். எஞ்சின் ஹெட் வளைந்திருந்தது, அதை ஃபேஸிங் செய்யாமலே புது கேஸ்கட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று இரண்டாவது மெக்கானிக் வாய்வார்த்தையாகச் சொன்னார்.

"முதலில் பார்த்த இடத்தில் பில் வாங்கினீர்களா?" என்று கேட்டோம்.

"நம்ம தெரு ஆள்தானே பாய், பில் கேட்டால் தப்பாக நினைப்பாரே" என்றார்.

"கழற்றிய பாகம்?"

"பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

போன் மூலம் அனுப்பிய 20,000 ரூபாய்க்கான பதிவும், வாட்ஸ்அப்பில் பேசிய சில செய்திகளும் மட்டும் அவர் கையில் இருந்தன. அவற்றை வைத்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்தோம். கடைசியில் பேச்சுவார்த்தையில் 15,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. அவருக்கு ஆன செலவையும் ஓட்டமில்லாமல் கழிந்த நாட்களையும் கணக்கிட்டால் இது சிறு தொகைதான். நியாயம் அவர் பக்கம் இருந்தும், அதை எடுத்துக்காட்ட ஆதாரம் இல்லை. நம் மஹல்லாவில் வாகனத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், இதை விரிவாக எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணம் கொடுத்துப் பெறும் பழுதுபார்க்கும் வேலை, சட்டப்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதைச் "சேவைக் குறைபாடு" என்கிறது. வேலைக்குப் பில் தராமல் இருப்பதை இதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. ஆகவே பில் கேட்பது நம் உரிமை.

வாடகை வண்டி ஓட்டுபவர் நுகர்வோர் ஆவாரா என்று பலர் கேட்கிறார்கள். வணிக நோக்கத்துக்குப் பெறும் சேவைக்கு இச்சட்டம் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துவது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தருகிறது. அப்படிப்பட்டவர்கள் புகாரின் முதல் பத்தியிலேயே அதைத் தெளிவாக எழுத வேண்டும். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டுபவருக்கு எதிர்தரப்பு ஆட்சேபம் எழுப்பும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நம் பொருளை வாங்கி வைத்திருப்பவர் அதைத் தன் பொருளைப்போலப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர். அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு, செய்த வேலைக்கான கூலி கிடைக்கும்வரை பொருளைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமையையும் அவருக்குத் தருகிறது. எனவே வேலையில் குறை கண்டு கூலியில் தகராறு வந்தால், ஒர்க்‌ஷாப் வாசலில் சண்டை போட்டு வண்டியை எடுக்க முயல வேண்டாம். "வேலையில் எனக்கு ஆட்சேபம் உண்டு, வண்டி தேவைப்படுவதால் பணம் செலுத்துகிறேன்" என்று பில்லின் நகலில் எழுதியோ, அதே நேரத்தில் செய்தியாக அனுப்பியோ பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். பணம் கொடுத்துவிட்டதால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடாது.

வண்டியை விடும்போது

என்ன கோளாறு, என்ன வேலை, எவ்வளவு மதிப்பீடு, கிலோமீட்டர் ரீடிங் எவ்வளவு, என்றைக்குத் தருவார்கள் என்பவை அடங்கிய ஜாப் கார்டு வாங்குங்கள். சிறிய ஒர்க்‌ஷாப்பில் அது இல்லையென்றால் நீங்களே இந்த விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் பெறுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பணத்தைக் கூடுமானவரை வங்கி வழியாகவே கொடுங்கள். பில்லில் உதிரிபாகமும் கூலியும் தனித்தனியே இருக்கட்டும். உத்தரவாதம் உண்டென்றால் எத்தனை மாதம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

தெரிந்தவரிடம் எழுதி வாங்குவது அவரைச் சந்தேகிப்பதாகாது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. உறவு கெடாமல் இருக்கத்தான் எழுத்து.

மீண்டும் பழுதானால்

முதலில், ஓட்டுவதை நிறுத்துங்கள். சூடேறிய வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால், சேதம் உங்களால் வந்தது என்று சொல்ல எதிர்தரப்புக்கு இடம் கிடைத்துவிடும். நின்ற இடத்திலேயே டேஷ்போர்டு, கிலோமீட்டர் ரீடிங், கசிவு முதலியவற்றைப் படமும் வீடியோவும் எடுங்கள்.

அடுத்து, முதல் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குறையைச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அவர்கள் மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ அதுவும் ஓர் ஆதாரம்தான்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். வேறிடத்தில் பிரிப்பதற்கு முன், இன்ன நாளில் இன்ன இடத்தில் பிரிக்கிறோம், நீங்களும் வந்து பார்க்கலாம் என்று முதல் ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர், மோட்டார் சர்வேயர் அல்லது ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரிடம், கோளாறு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று கையொப்பத்துடன் அறிக்கை வாங்குங்கள். குறையை நிரூபிக்கும் பொறுப்பு புகார் செய்பவருடையது. இந்த அறிக்கை இல்லாத வழக்குகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. நம் சகோதரர் தவறவிட்டதும் இதைத்தான்.

பிரேக் போன்ற பாகம் பழுதாகி விபத்து நேர்ந்தால் உடனே காவல் நிலையத்தில் தகவல் கொடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் எதையும் மாற்ற வேண்டாம். அவருடைய அறிக்கை பின்னால் பெரிதும் உதவும்.

புகார் கொடுப்பது

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே புகாரைப் பதிவு செய்தால் நிறுவனத்தோடு பேசித் தீர்க்க முயல்வார்கள். பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் சென்டர் சம்பந்தப்பட்ட புகார்களில் இது பலன் தருவதுண்டு. கூடவே, நடந்ததையும் நீங்கள் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் கூடிய தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். ஒர்க்‌ஷாப் வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை. சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனுவைப் பதிவு செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிட வேண்டும். குறை உதிரிபாகத்தில் என்றால், அதை விற்றவரையும் தயாரித்த நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேருங்கள்.

குறையை நீக்கித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுக்கவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். தீர்ப்பில் குறை இருந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

பரிசோதனை தேவைப்படாத வழக்கை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகிறது. ஆணையமே சமரசத்துக்கு அனுப்பினால், நியாயமான தொகை கிடைக்குமானால் ஏற்றுக்கொள்வது நல்லது. ஓட்டமில்லாத நாட்களுக்கு இழப்பீடு கேட்டால் முந்தைய மாத வருமானக் கணக்கைக் காட்ட வேண்டும். நடக்காத நஷ்டத்தைச் சேர்த்து எழுதாதீர்கள். அது மார்க்கத்திலும் கூடாது, வழக்கையும் கெடுத்துவிடும். பழைய வண்டியில் புதிதாக வரும் எல்லாக் கோளாறும் மெக்கானிக்கின் தவறாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒர்க்‌ஷாப் நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் விடப்படும் வண்டி ஓர் அமானிதம். பில்லும் ஜாப் கார்டும் கொடுத்தால், பொய்ப் புகாரிலிருந்து உங்களைக் காப்பதும் அவைதான்.

வக்கீல் தேவைப்பட்டும் வசதி இல்லாதவர்கள், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. நோட்டீஸும் மனுவும் எழுதுவதில் உதவி வேண்டுவோர், இஷாவுக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது பில்லையும் பழைய பாகத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், எங்களால் ஆனதைச் செய்கிறோம்.

வஸ்ஸலாம்.