பேய் வீட்டின் சொந்தக்காரர் யார்?

கட்டுமாவடி முதல் மீமிசல் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த ஊரில் இறங்கிக் கேட்டாலும் ஒரு பேய்க்கதை கிடைக்கும். கண்மாய்க்கரைப் புளியமரம், பாழுங்கிணறு, சுடுகாட்டுப் பாதை, ஆளில்லாத பண்ணை வீடு என்று இடம் மாறும்; கதை அதிகம் மாறாது. மணமேல்குடிப் பக்கம் நாம் கேட்ட கதைகளில் பேயாக அலைகிறவர்கள் யார் யார்? கிணற்றில் விழுந்த பெண், அடிபட்டுச் செத்த பண்ணையாள், சாதி மாறிக் காதலித்ததால் தூக்கில் தொங்கிய பையன். அடித்தவர் பேயாக அலைகிறார் என்று ஒருவரும் நமக்குச் சொன்னதில்லை. அவர் வயதாகிக் கட்டிலில் படுத்துச் செத்து, மாலை போட்ட படமாகக் கூடத்துச் சுவரில் இருக்கிறார்.

அப்படியானால் நம் ஊர்ப் பேய்க்கதைகளுக்குள் காவல் நிலையத்தில் பதிவாகாத வழக்குகள் புதைந்து கிடக்கின்றன என்று பொருள். 'பேய்ப் படம் வெறும் பொழுதுபோக்கு, அதில் என்ன அரசியல் இருக்கிறது?' என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக, பேய்ப் படங்களையே தன் வழியாக எடுத்துக்கொண்ட கேரளத்து எழுத்தாளர்-இயக்குநர் ஒருவரைப் பற்றி இந்த வாரம் பேசுவோம்.

நான்காவது அச்சம்

அதற்கு முன் தொல்காப்பியத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். மெய்ப்பாட்டியல் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று அச்சம். அது பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்பது வருத்தும் தெய்வம். பேய், பூதம் எல்லாம் அந்தப் பக்கம். 'தம் இறை' என்றால் தம்மை ஆள்பவன். பேயும் புலியும் திருடனும் நிற்கும் வரிசையில் ஆள்பவனையும் கொண்டுவந்து நிறுத்தியது நம் இலக்கணம். தமிழ்ப் பேய்ப் படங்களில் பெரும்பாலானவை முதல் அச்சத்தோடு நின்றுவிட்டன. நான்காவது அச்சத்தைத் தொட்டவை குறைவு.

அதைத் தொட்டவர்களில் ஒருவர் ராகுல் சதாசிவன். இவரது முதல் படம் 'ரெட் ரெய்ன்' 2013-ல் வந்தது. அடுத்த படத்துக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2022 ஜனவரியில் வெளியான 'பூதகாலம்' வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு தாய், ஒரு மகன் பற்றியது. தாய்க்கு மன அழுத்தம். படித்த மகனுக்கு வேலையில்லை. பூதகாலம் என்றால் மலையாளத்தில் இறந்தகாலம். வீட்டைப் பிடித்திருப்பது பேயா, அந்தக் குடும்பம் பட்ட துன்பமா என்று பார்ப்பவரே குழம்பும்படி படம் நகரும். தாயாக நடித்த ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 2024-ல் 'பிரமயுகம்', 2025-ல் 'டீயஸ் ஈரே' என்று அவர் பேய்ப் படம் எடுப்பதைத் தொடர்கிறார். இவற்றில் நம் பத்திக்கு உரியது 'பிரமயுகம்'.

பாணன் தோற்ற ஆட்டம்

2024 பிப்ரவரி 15 அன்று வெளியான 'பிரமயுகம்' முழுக்கக் கருப்பு வெள்ளைப் படம். கதை 17-ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கிறது. போர்ச்சுக்கீசியர்களின் அடிமை வணிகத்துக்குத் தப்பி, காட்டு வழியே ஓடி வருகிறான் தேவன் என்ற பாடகன். பசியோடு அவன் வந்து சேரும் இடம் பாழடைந்த ஒரு நம்பூதிரி மனை. அங்கே இருப்பது இரண்டே பேர்: கொடுமண் போற்றி என்ற மந்திரவாதியும் அவருடைய சமையல்காரனும். போற்றியாக மம்மூட்டியும் தேவனாக அர்ஜுன் அசோகனும் சமையல்காரனாகச் சித்தார்த் பரதனும் நடித்திருக்கிறார்கள்.

தேவன் பாணர் குலத்தவன். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு கனக்கும். யாழோடு அரசவைக்குள் நுழைந்து வேந்தனிடம் பொன் தாமரை பெற்ற சங்க காலப் பாணர்தான், பிற்காலத்தில் காவிரியின் தென்கரையில் நின்றபடியே திருவரங்கத்தைப் பாடிய திருப்பாணாழ்வார் ஆனார். இன்று கேரளத்தில் பாணன் சமூகம் பட்டியல் சாதிகளில் ஒன்று. பாட்டுப் பாடியவனை வாசலுக்கு வெளியே நிறுத்திய வரலாறு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது.

அந்த வாசலில் நின்று பாடும் தேவனைப் போற்றி உள்ளே அழைக்கிறார். பிறப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார். சோறு போடுகிறார். தேவன் நெகிழ்ந்துபோகிறான். பிறகு பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்கத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று அவன் சொல்ல, 'உன் காலத்தை வை' என்ற பொருளில் போற்றி பதில் சொல்கிறார். தேவன் தோற்கிறான். அதற்குப் பிறகு அவன் ஆயுள் மனைக்குச் சொந்தம். எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கே அவனுக்கு மறந்துபோகிறது. கதவு திறந்துதான் கிடக்கிறது. அவனால் வெளியேற முடியவில்லை.

இது மலபாருக்கு மட்டுமான கதை இல்லை. நிலத்தோடு சேர்த்து மனிதரையும் கைமாற்றும் வழக்கம் நம் பக்கமும் இருந்தது. அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அறிவித்தது; ஆனாலும் வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் உழைப்பது நிற்கவில்லை. நம் அறந்தாங்கி வட்டாரம் 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தத் தஞ்சைக்காகவே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. நாடு முழுவதும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல்தான் வந்தது. தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் மாடு மேய்த்த குடும்பங்களில் யாரிடமாவது 'பிரமயுகம்' போட்டுக் காட்டினால், 'இதில் மாயமந்திரம் என்ன இருக்கிறது?' என்று கேட்பார்கள்.

போற்றி விழுந்த பிறகு அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்பது படத்தின் முடிவு. பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லாமல் விடுகிறோம். சமையல்காரனும் பாணனும் சேர்ந்து நின்றார்களா என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒரே எஜமானிடம் வதைபடும் இருவர், அவனுடைய நாற்காலி காலியானதும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது, ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குள் ஒற்றுமை பேசும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

1968: இரண்டு வீடுகள்

விருந்துக்கு அழைத்துப் பிடித்துவைக்கும் இதே கதையை அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்-இயக்குநர் ஜோர்டான் பீல் 2017-ல் 'கெட் அவுட்' படத்தில் வேறு விதமாகச் சொன்னார். வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறான் ஒரு கறுப்பின இளைஞன். முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாவது முறையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறார் காதலியின் தகப்பனார். இனவெறி பேசாத அந்த வீடுதான் அவன் உடலைத் திருடத் திட்டம் போடுகிறது. சுயமாக எழுதிய திரைக்கதைக்கான ஆஸ்கர் விருது 2018-ல் பீலுக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

பீலுக்கு முன்னோடி ஜார்ஜ் ரொமேரோ. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். பெரிய கம்பெனி எதையும் நம்பாமல் நண்பர்களோடு காசு சேர்த்து, சுமார் 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார். 1968 அக்டோபரில் வெளியான அந்தப் படத்தில், எழுந்து நடக்கும் பிணங்களுக்குப் பயந்து ஒரு பண்ணை வீட்டுக்குள் சிலர் பதுங்குகிறார்கள். அவர்களைக் காக்கப் போராடும் நாயகன் ஒரு கறுப்பர். இரவு முழுவதும் பிணங்களிடமிருந்து தப்பிய அவரை, விடிந்ததும் காப்பாற்ற வந்த வெள்ளையர் கூட்டம் சுட்டுக் கொல்கிறது. நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸை நிறம் பார்த்து எடுக்கவில்லை, வந்தவர்களில் அவரே நன்றாக நடித்தார் என்று ரொமேரோ சொன்னார். ஆனால் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டில் திரையரங்கில் உட்கார்ந்தவர்களுக்கு, அந்தத் துப்பாக்கி யாருடையது என்பது விளங்கியது.

அதே 1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் புகுந்தன. வெளியே நின்றவை பிணங்கள் இல்லை. நிலக்கிழாரின் ஆட்கள். பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் உள்ளேயே எரிந்துபோனார்கள். வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றார்கள். வீட்டுக்குள் அடைபட்டவர்களின் அச்சத்தைப் படமாக எடுக்க நமக்கு அமெரிக்காவிலிருந்து கதை தேவையில்லை.

பயமுறுத்தாத இறந்தவர்கள்

தமிழ்ப் பேய்ப் படங்களின் வழக்கமான கதை நமக்குத் தெரியும். நகரத்துக் குடும்பம் பழைய ஜமீன் பங்களாவுக்குக் குடிவரும். காவல்காரர் பயந்து சிரிக்கவைப்பார். பேய் தன் முன்கதையைச் சொல்லும், மந்திரவாதி அதை அடக்குவார், குடும்பம் நிம்மதியாகும். பங்களா யார் உழைப்பில் கட்டப்பட்டது என்ற கேள்வி எழாது. விதிவிலக்காக 2011-ல் வந்த 'காஞ்சனா' நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட திருநங்கையைப் பேயாக்கி, அவர் கேட்ட நீதியைக் கதையாக்கியது.

மாரி செல்வராஜ் வேறு வழியைக் காட்டினார். 2021-ல் வந்த 'கர்ணன்' பேய்ப் படம் இல்லை. ஊரில் பேருந்து நிற்காததால் நடுச்சாலையில் துடித்துச் சாகும் சிறுமி, தெய்வ முகம் அணிந்து படம் நெடுக வருகிறாள். அவள் யாரையும் பயமுறுத்துவதில்லை. தன் ஊர் நிமிரும்வரை உடன் நிற்கிறாள். நம் மக்கள் மதுரைவீரனையும் காத்தவராயனையும் வணங்கும் முறை இதுதான். மாறுகை மாறுகால் வாங்கப்பட்டவனையும் கழுவில் ஏற்றப்பட்டவனையும் அதிகாரம் குற்றவாளி என்றது. மக்கள் சாமி என்றார்கள்.

ஆனால் சாமியின் பெயரும் எப்போதும் நம் பக்கம் நிற்பதில்லை. 2022 டிசம்பர் கடைசியில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், அம்மக்களை அங்குள்ள அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அப்போது சாமியாடிய ஒருவர் அவர்களை இழிவாகப் பேசியதாக வழக்குப் பதிவானது. தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பட்டியலினத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றம் சாட்டியது. அவ்வூர் மக்கள் அதை ஏற்கவில்லை. குடிக்கும் தண்ணீரைப் பார்த்துப் பயந்த அந்தக் குழந்தைகளின் அச்சம், தொல்காப்பியர் சொன்ன நான்கில் எதில் சேரும்?

ராகுல் சதாசிவன் மனைக்குள் கேமராவை வைத்துப் போற்றியின் முகத்தைக் காட்டினார். தேவனின் ஊரிலிருந்து, தேவனின் தாய் பக்கமிருந்து கதை சொல்லும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். இன்று கையிலிருக்கும் செல்போனில் குறும்படம் எடுக்கலாம். ரொமேரோவின் படம் வெளியானபோது உரிமைக் குறிப்பு விடுபட்டதால் அது பொதுச்சொத்தாகிவிட்டது. காசில்லாமல் பார்த்துக் கற்கலாம். பேய் வேஷத்துக்கும் ரத்தச் சாயத்துக்கும் அலைய வேண்டாம். முதலில் நோட்டுப் புத்தகத்தோடு போய் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேய்க்கதை கேளுங்கள். கதை முடிந்ததும் எழுந்துவிடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். செத்தவர் யார்? கொன்றவர் யார்? அந்த நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பெரியவர் குரலைத் தாழ்த்தினால், உங்கள் படம் அங்கே தொடங்குகிறது.