நரைக்கு கெமிக்கல் டை வேண்டாமா? திண்டிவனத்து அவுரி இருக்கே... ஆனா வாங்கும்போது இதைக் கவனிங்க!

நாளைக்கு ஒரு கல்யாணம். கண்ணாடியைப் பார்த்தால் காதோரம் நாலைந்து நரை. டை போட்டாலோ தலை அரிக்குது, நெற்றி தடிக்குது. 'கெமிக்கல் இல்லாம வீட்டிலேயே கலர் பண்ண வழி இருக்கா?' என்று தேடுபவர்கள் நிறைய பேர்.

வழி இருக்கு. அதற்கான செடியும் விழுப்புரம் மாவட்டத்திலேயே, திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் விளைகிறது. அதன் பெயர் அவுரி. நீலி என்றும் சொல்வார்கள். ஆனால் 'ஹெர்பல்' என்று அச்சடித்த பாக்கெட் எல்லாமே வெறும் இலைப்பொடி கிடையாது. எது எத்தனை நாள் நிற்கும், எதை நம்பி வாங்கலாம்? பார்ப்போம்.

டை போட்டால் ஏன் அரிக்கிறது?

கடையில் கிடைக்கும் கருப்பு டைகள் பலவற்றில் பாரா பினைலின்டைஅமின் என்ற ரசாயனம் இருக்கும். சுருக்கமாக பி.பி.டி. முடிக்கு அடர் கருப்பு தருவது இதுதான். சிலருக்கு ஒவ்வாமை தருவதும் இதுதான். தலை அரிப்பு, கொப்புளம், காதோரம் நீர் வடிதல், கண்ணிமை வீக்கம் என்று அறிகுறிகள் வரலாம்.

'பத்து வருஷமா போடுறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்லை' என்பவருக்கும் திடீரென ஒருநாள் இது வரலாம். ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த முறை போடும்போது இன்னும் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். இதனால்தான் இத்தகைய டைகளின் பாக்கெட்டில் 'முதலில் சோதித்துப் பாருங்கள், இமைக்கும் புருவத்துக்கும் பூசாதீர்கள்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என இந்திய விதிகள் சொல்கின்றன.

திண்டிவனத்துக்கும் அவுரிக்கும் என்ன தொடர்பு?

1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமாவதற்கு முன்பு இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே அவுரி முக்கியமான பணப்பயிர். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரியில் இருந்து நீலச் சாயத் துணிகள் ஆப்பிரிக்காவின் செனகல் வரை கப்பலில் போயின. 1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், அவுரிச் சாகுபடி நாடு முழுக்கச் சரிந்தது. ஆனாலும் திண்டிவனம் பக்கம் இந்தப் பயிர் இன்றும் தொடர்கிறது. இயற்கைச் சாயம் தேடும் துணி நிறுவனங்களும், தலைமுடிக்கான பொடியை வாங்குபவர்களும் இதற்குக் காரணம்.

துணிக்கான சாயம் எடுக்க, வெட்டிய செடியைத் தொட்டி நீரில் ஊறவைப்பார்கள். பிறகு தொழிலாளர்கள் அந்த நீரில் இறங்கி காலால் உதைத்துக் கலக்குவார்கள். காற்று பட்டதும் பச்சையாக இருந்த நீர் நீலமாக மாறும். உங்கள் தலையில் நடப்பதும் இதே வேலைதான். பொடியில் தண்ணீர் பட்டதும் நிறப்பொருள் வெளியே வரும், முடிக்குள் இறங்கும், காற்று பட்டு நீலமாகி அங்கேயே தங்கும். முடிக்குப் பயன்படுவது காயவைத்து அரைத்த இலைப்பொடி. துணிக்கான நீலக்கட்டியை வாங்கி தலையில் தேய்த்தால் பலன் இருக்காது.

வீட்டில் எப்படி செய்வது?

நரையில் அவுரியை மட்டும் போட்டால் நீலம் தட்டும். மருதாணி மட்டும் போட்டால் ஆரஞ்சு. மருதாணியின் மேல் அவுரி ஏறும்போதுதான் கருமை வரும். அதனால் இது இரண்டு கட்ட வேலை.

1. மருதாணிப் பொடியைத் தேயிலை டிகாக்‌ஷனில் குழைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் தலையில் பூசி 2 மணி நேரம் கழித்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள்.

2. அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். எலுமிச்சை, தயிர் சேர்க்க வேண்டாம். மருதாணி மாதிரி இரவெல்லாம் ஊறவைத்தால் சாயம் வீணாகிவிடும். உடனே பூசி, ஒன்றரை மணி நேரம் கழித்து அலசுங்கள்.

3. அலசியதும் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் பதற வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் கருமை கூடும். அதுவரை ஷாம்பு வேண்டாம்.

அப்போ கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை இது. மூன்று நாள் முன்னாடியே செய்துவிடுங்கள்.

ரெண்டு நாளில் போய்விடுமா?

போகாது. மருதாணியும் அவுரியும் வாரக்கணக்கில் நிற்கும். மருதாணி நிறம் முடி வளர்ந்து வெட்டும்வரைகூட இருக்கும். சில நாளைக்கு மட்டும் போதும் என்றால் கெட்டியான டீ அல்லது காபி டிகாக்‌ஷனை ஆறவைத்து, அலசிய முடியில் ஊற்றி அரை மணி நேரம் விடலாம். நரையில் லேசான பழுப்பு ஏறும், சில குளியலில் போய்விடும். கருப்பு முடியில் ஒரு மாற்றமும் தெரியாது. பீட்ரூட் சாறும் அப்படித்தான். கூடவே வெள்ளைச் சட்டை காலரிலும் ஒட்டும், ஜாக்கிரதை!

பாக்கெட்டில் எதைப் பார்க்கணும்?

'கருப்பு மருதாணி' என்று ஒரு செடியே கிடையாது. மருதாணி தருவது ஆரஞ்சும் செம்பழுப்பும்தான். ஒரே பொடி, ஒரே தடவை, 20 நிமிடத்தில் அடர் கருப்பு என்றால் அதில் இலை மட்டும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பின்பக்கம் உள்ள பொருட்கள் பட்டியலைப் படியுங்கள். பி.பி.டி. என்றோ அதன் முழுப் பெயரோ இருந்தால் அதுவும் ரசாயன டைதான். முன்பக்கம் இலைப் படம் போட்டிருந்தாலும் சரி. பட்டியலே இல்லாத பாக்கெட்டை வாங்கவே வேண்டாம். நல்ல அவுரிப் பொடி பச்சை நிறத்தில் இருக்கும்.

யாரெல்லாம் எச்சரிக்கையாக இருக்கணும்?

இலைப்பொடிக்கும் ஒவ்வாமை வரலாம். அதனால் குழைத்த பொடியை முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இருந்தால் தலைக்கு வேண்டாம். ஜி6பிடி குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணி பூசினால் ரத்த சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. ஏற்கெனவே டை போட்டு முகம் வீங்கியவர்கள், எந்தப் பொடியாக இருந்தாலும் முதலில் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். டை போட்ட பிறகு கண், உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, தலையை அலசிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போகும்போது அந்த பாக்கெட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். என்ன போட்டீர்கள் என்று மருத்துவருக்குத் தெரிந்தால் சிகிச்சை சுலபம்.