தாம் நேசிப்போரை வதைப்பதேன்?
இரசிகர் புனைவில் இருள் பற்றி ஒரு விளக்கம்

பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்துக்கொண்டு இரசிகர்கள் தாமே எழுதும் கதைகள் இரசிகர் புனைவு எனப்படும். அவற்றுள், மூலக்கதையில் நண்பராகவோ பகைவராகவோ வரும் இரு ஆண்களைக் காதலராக்கி எழுதும் வகைக்கு 'ஸ்லாஷ்' என்று பெயர். இச்சொல் சாய்கோட்டைக் குறிக்கும். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் டிரெக்'கில் (1966–69) வரும் கர்க், ஸ்பாக் என்னும் இருவர் பெயர்களின் முதலெழுத்துகளுக்கிடையே இடப்பட்ட கோடே ஓர் எழுத்து வகைக்குப் பெயராயிற்று. 1974இல் 'குரூப்' என்னும் இரசிகர் இதழில் வெளிவந்த சிறு கதையொன்றை இதன் முதல் அச்சு வடிவமாகக் கொள்வர். இதனை எழுதியோரும் வாசித்தோரும் பெரும்பாலும் பெண்களே. இவ்வகையின் ஒரு பகுதி சித்திரவதை, வன்புணர்ச்சி, அடிமைத்தளை, துரோகம், மரணம் ஆகியவற்றால் நிறைந்தது. தாம் நேசிக்கும் மாந்தரையே இவர்கள் ஏன் இவ்வாறு வதைக்கின்றனர் என்பதே நாம் ஆராயப் புகும் வினா.

வினா புதிதன்று. கார்த்தேஜ் நகரின் நாடக அரங்குகளில் தாம் விரும்பிக் கண்ணீர் சிந்தியதை நினைவுகூரும் அகுஸ்தீன், தமக்கு நேரிட எவரும் விரும்பாத துயரத்தைக் காண மட்டும் மனிதன் விரும்புவதேன் என்று தம் 'அறிக்கைகள்' மூன்றாம் புத்தகத்தில் வியக்கிறார். இரக்கமும் அச்சமும் தூய்மையுறுவதாக அரிஸ்டாட்டில் கூறிய விடையும் நாம் அறிந்ததே. ஆயினும் இவ்விருவரும் பார்வையாளரைப் பற்றியே பேசினர். பார்த்தவரே எழுதுபவராகும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு வேறு சான்று தேவை.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் 1978 முதல் 1981 வரை 52 பகுதிகளாக ஒளிபரப்பிய 'பிளேக்ஸ் செவன்' என்னும் தொடர் நமக்குத் தக்க சான்றாகும். கொடுங்கோல் அரசை எதிர்க்கும் பிளேக்கும், அவனை நம்பாமலேயே அவனோடு செல்லும் கணினி வல்லுநன் ஏவனும் இரு ஆண்டுகள் பூசலிட்டவாறே ஒருவரையொருவர் சார்ந்து நிற்கின்றனர். பின்பு பிளேக் காணாமற்போகிறான். 1981 டிசம்பர் 21ஆம் நாள் ஒளிபரப்பான இறுதிப் பகுதியில் ஏவன் அவனைக் கண்டடைகிறான். அவன் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான் எனத் தவறாக எண்ணிச் சுட்டுவிடுகிறான். தோழர் ஒவ்வொருவராக வீழ்கின்றனர். காவலர் சூழ, பிளேக்கின் உடல்மேல் நின்று ஏவன் துப்பாக்கியை உயர்த்திப் புன்னகைக்கிறான். திரை இருள்கிறது, வெடியோசை மட்டும் கேட்கிறது. தொடர் அத்துடன் முடிந்தது.

இங்கே இருளை இரசிகர் கொண்டுவரவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அது மூலத்திலேயே இருந்தது. கதை அதைத் திறந்துகாட்டிவிட்டு அகன்றுவிட்டது. அக்காட்சிக்குப் பின் நிகழ்ந்ததாகப் பல கதைகள் எழுதப்பட்டன. இருவரும் பிழைத்திருந்தால்? சிறையில், விசாரணைக் கொடுமையில், ஒருவர் முகத்தை ஒருவர் காண நேர்ந்தால்? தன்னைச் சுட்டவனை ஒருவன் எவ்வாறு மீண்டும் நேசிப்பான்? காயத்தை ஒரு வரியில் கடந்து ஒப்புரவை ஒரு பக்கத்தில் முடிக்கும் கதை இவ்வாசகருக்குப் பொய்யாகவே தோன்றும். வலியின் முழு அளவும் சொல்லப்பட்டாலன்றி ஆறுதலுக்கு எடையில்லை. பெண் இரசிகரிடையே நெடுநாள் களஆய்வு செய்து 1992இல் நூல் வெளியிட்ட கமில் பேக்கன்-ஸ்மித், காயமும் தேற்றரவும் என்னும் கதைவகையை அச்சமூகத்தின் நெஞ்சமாகவே கண்டார்.

பெண்கள் இதற்கு ஆண் உடல்களைத் தேர்ந்ததேன்? வன்முறைக்கு ஆளாகும் பெண்ணைப் பற்றிய கதையில் வாசிக்கும் பெண் தன் அச்சத்தையே நேரில் சந்திக்கிறாள். அதே துன்பம் ஓர் ஆணுக்கு நேரும்போது சிறிது இடைவெளி கிடைக்கிறது. நோக்கவும், நிறுத்தவும், மீண்டும் தொடரவும் இயலுகிறது. ஆற்றல் மிக்கவன் ஆற்றலற்றவனாவது எவ்வாறிருக்கும் என்று கேட்கவும் முடிகிறது. 1967இல் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' பகுதியொன்றில், உரிய காலத்தில் இணை சேராவிடில் ஸ்பாக் இறந்துபோவான் என்ற நிலை காட்டப்பட்டது. தொடக்கக் காலக் கதைகள் பல இதனையே பற்றிக்கொண்டன. விருப்பம் எது, நிர்ப்பந்தம் எது என்னும் கேள்வி தொடக்கத்திலேயே இருந்ததெனலாம். எழுத்தாளர் ஜோவன்னா ரஸ் இக்கதைகளின் காம உணர்வை மறைக்காது, பெண்கள் பெண்களுக்காக எழுதியவை என்றே 1985இல் பாராட்டி எழுதினார்.

எல்லாவற்றையும் ஆறாத புண்ணுக்கு மருந்தென்று கூறிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கூறோம். கிளர்ச்சிக்காகவே வாசிப்போரும் உளர். கொடுமையை அடுக்குவதன்றி வேறொன்றும் செய்யாத கதைகளும் பலவுண்டு. ஆயினும் வாசகர் அறியாமல் இருளுக்குள் தள்ளப்படுவதில்லை. 2009 முதல் இயங்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்னும் காப்பகத்தில் கொடிய வன்முறை, முதன்மை மாந்தர் மரணம், வன்புணர்ச்சி, வயது வராதோர் பாலுறவு ஆகிய நான்கிற்கும் எச்சரிக்கை இடும் முறை உண்டு. எச்சரிக்கை தர விரும்பாத ஆசிரியர் அதனையும் முகப்பிலேயே அறிவிக்க வேண்டும். 'செத்த புறா, தின்னாதே' என்றொரு குறிப்பும் இவர்களிடையே வழங்குகிறது; பையின்மேல் எழுதியிருப்பதே பைக்குள்ளும் இருக்கிறது என்பது அதன் பொருள். நகைச்சுவைத் தொடரொன்றிலிருந்து வந்த சொல்லாயினும் பல முன்னுரைகளைவிட நேர்மையானது.

எழுதியதையே எழுதியவரின் விருப்பமாகக் கொள்வோர் இன்றும் உளர். 2018இல் சீனாவின் அன்ஹுவெய் மாநிலத்தில், ஆண்களிடையேயான காமத்தையும் வன்கொடுமையையும் சித்திரித்த நாவலை எழுதி விற்ற பெண்ணொருவருக்கு நீதிமன்றம் பத்தரை ஆண்டுச் சிறை விதித்தது. மெய்யான வன்புணர்ச்சிக் குற்றவாளிகள் பலர் இதனிலும் குறைந்த தண்டனையே பெறுகின்றனர் என்று அந்நாட்டு மக்களே அப்போது சுட்டிக்காட்டினர்.