மருதையாறு முதல் குன்னம் வரை

காகிதத்தில் நம் ஊர் – 12

1956 நவம்பர் 23 விடியற்காலை. முந்தின இரவு சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றை நெருங்கியது. கொட்டித் தீர்த்த மழையில் பாலம் அரித்துப்போயிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். துணை அமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனையும் அரியலூரையும் மோனையில் கோத்துத் தி.மு.க. எழுப்பிய தேர்தல் முழக்கத்தைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அன்று அரியலூர் நாடு முழுவதும் முதல் பக்கத்துக்கு வந்தது. அதற்கு அத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது. ஏரி உடைவது, விலை சரிவது, பஸ் நின்றுபோவது என்று ஓர் ஊர் அன்றாடம் படும் பாடு யார் கண்ணில் படும்? அதற்கு இடம் கொடுத்தது நாளிதழின் உள்ளே இருக்கும் மாவட்டப் பக்கம். பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு அந்தப் பக்கம் என்ன செய்திருக்கிறது என்பதே இந்த வாரக் கதை.

தமிழ் நாளிதழைப் படிப்பாளிகளின் கையிலிருந்து டீக்கடை பெஞ்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் சி.பா. ஆதித்தனார். 1905-ல் காயாமொழியில் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, சிங்கப்பூரில் வக்கீல் தொழில். லண்டனில் சாமானியர்கள் வாங்கிப் படித்த 'டெய்லி மிரர்' அவர் மனதில் பதிந்திருந்தது. 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். அதுவே 'தினத்தந்தி' ஆனது. உலகப்போர்க் காலம், காகிதத்துக்கோ கடும் பஞ்சம். அதற்கு நடுவே கொட்டை எழுத்துத் தலைப்பு, சின்னச் சின்ன வாக்கியம், நிறையப் படம் என்று புதுப் பழக்கத்தை உண்டாக்கினார். எப்படி எழுதினால் எளியவருக்குப் புரியும் என்று நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுக்க 'இதழாளர் கையேடு' என்ற புத்தகமே எழுதினார். 1960-ல் 'கன்னித்தீவு' படக்கதை தொடங்கியபின், எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிள்ளைகளும் பேப்பரைத் தேடினார்கள்.

டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதும், கேட்டதை வைத்து வாதாடுவதும் ஆராய்ச்சிக்கே பொருளாகியிருக்கின்றன. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக மானுடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி, 'தினத்தந்தி', 'தினமலர்' இரண்டின் மொழியையும் வாசகர்களையும் ஒப்பிட்டு 2009-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பேப்பர் திருச்சியிலிருந்து வருகிறது. நள்ளிரவுக்கு மேல் பண்டல் ஏற்றிய வேன்கள் புறப்படும். ஒரு வழி பாடாலூர், சிறுவாச்சூர் தாண்டிப் பெரம்பலூருக்கு. இன்னொன்று லால்குடி, கல்லக்குடி, கீழப்பழுவூர் வழியாக அரியலூருக்கு. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயில் கேட்டு இந்த ஊர் கொடுத்த மனுக்களை வரிசைப்படுத்த வேண்டுமானால் பழைய மாவட்டப் பக்கங்களைப் புரட்டினால் போதும்.

ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது. 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23-ல் மறுபடி தனி மாவட்டம் ஆனது. ரயில் கவிழ்ந்த அதே தேதி. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. தமிழ்நாட்டிலேயே மிகக் குறைவு. இவ்வளவு சிறிய மாவட்டத்துக்கென்று தனியாக நிருபர் வைத்துப் பேப்பர் நடத்துவது லாபக் கணக்குக்கு எளிதில் ஒத்துவராது. ஆனாலும் கலெக்டர் ஆபீஸ் வந்தது, கூடவே செய்தியும் வந்தது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு வரும் கிராமத்தார், காலிக் குடங்களோடு போட்டோவுக்கு நிற்கக் கற்றுக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தால் அதிகாரி ஊருக்கு வருவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்கும்? மின்தடை அறிவிப்பு, சின்ன வெங்காய விலை, சிமெண்ட் ஆலைச் சுண்ணாம்புக்கல் லாரி மோதிய விபத்து, கோயில் குடமுழுக்கு, கபடிப் போட்டி, ஓரத்தில் கண்ணீர் அஞ்சலி. 2018-ல் படைப்புழு இறங்கி மக்காச்சோளத்தை அழித்தபோது, துளைபட்ட கதிரைக் கையில் பிடித்து நின்ற விவசாயிகளின் படங்கள் இந்தப் பக்கங்களில்தான் வந்தன. பிறகு அரசு இழப்பீடு அறிவித்தது.

இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறவர் பகுதி நேர நிருபர். முன்பு செய்தியையும் ஃபிலிம் ரோலையும் கவரில் போட்டுத் திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். இப்போது செல்போனில் அனுப்புகிறார். காலையில் டீ குடிக்க வந்தால், "என்னண்ணே, நம்ம ஏரி மேட்டர் போடலையா?" என்று கேட்பார்கள். பெயரைத் தப்பாகப் போட்டிருந்தால் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். எழுதியதற்கு முகம் கொடுக்கவேண்டிய இந்தக் கட்டாயமே அவரை ஒருமுறைக்கு இருமுறை விசாரிக்க வைக்கிறது.

அதன் அருமை 2020 அக்டோபரில் தெரிந்தது. குன்னம் பக்கம் ஏரியில் மண் எடுத்தபோது உருண்டையான பெரிய கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செல்போனில் படங்கள் பறந்தன, கூட்டம் கூடியது. கல்லைப் பார்த்த வல்லுநர்கள், அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்ற கடலுயிரியின் படிவத்தைச் சுற்றி இறுகிய படிவுகள் என்று விளக்கினார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலாக இருந்தது. அதற்குச் சான்றாகச் சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது, அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முட்டை என்ற வதந்திக்கு ஒரு போட்டோ போதுமாக இருந்தது. மறுப்பை எழுத ஒருவர் நேரில் போய்க் கல்லைப் பார்த்து, விவரம் தெரிந்தவரைக் கேட்கவேண்டியிருந்தது.

இந்த வேலையைச் செய்பவருக்குப் பல இடங்களில் கிடைப்பது பெட்ரோல் செலவுக்கே போதாத தொகை. விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் அவர் தலையில்தான். விளம்பரம் கொடுப்பவரையே நாளை கேள்வி கேட்கவேண்டியிருந்தால் அவர் என்ன செய்வார்? நிருபருக்கு நியாயமான சம்பளம் கொடுப்பதும், விளம்பர வேலையை அவரிடமிருந்து பிரிப்பதும் நிர்வாகங்களின் கடமை. வாசகர்களுக்கும் பங்கு உண்டு. டீக்கடையில் ஓசியில் படித்து வளர்ந்த நாம் இன்று காசு கொடுத்து ஒரு பேப்பர் வாங்க வேண்டும்; தப்பாக வந்தால் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பெரிய சாவு விழும்வரை காத்திருக்காமல், பாலம் அரிக்கும்போதே செய்தி வெளிவர அந்த உள்ளூர் நிருபர் தன் காலில் நிற்க வேண்டும்.

அடுத்த வாரம்: விடியுமுன் பண்டல் பிரிக்கும் ஏஜென்ட்கள்.

(தொடரும்)