பாம்பு முட்டையின் நலம் அறிதல்

தக்காணத்தின் பாறைக்குன்றுகளையும் புதர்க்காடுகளையும் அழித்துக்கொண்டு ஐதராபாத் நகரம் மேற்கே மாதாப்பூர், கச்சிபௌலி எனப் பரவிவருவதால், கடைக்கால் தோண்டும் இடங்களில் பாம்பு முட்டைகள் அகப்படுவது அங்கு புதிதன்று. 1995-இல் தொடங்கப்பட்ட பிரெண்ட்ஸ் ஆஃப் ஸ்நேக்ஸ் சொசைட்டி என்னும் தன்னார்வ அமைப்பு, வீடுகளில் புகும் பாம்புகளைப் பிடித்துக் காட்டில் விடுவதோடு, இவ்வாறு இருப்பிடம் இழந்த முட்டைகளைப் பொரிக்கவைக்கும் அரிய பணியையும் செய்துவருகிறது. நாகம், சாரை போன்ற உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதில்லை. ஊர்வனவற்றின் முட்டைகளைச் சிதைப்பதையும் அச்சட்டம் வேட்டையாகவே கருதுகிறது. ஆயினும், மீட்கப்பட்ட நாகத்தின் முட்டைக்கும், வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் மலைப்பாம்பின் முட்டைக்கும் பேணும் முறை பெரும்பாலும் ஒன்றே.

கோழிமுட்டையின் ஓடு சுண்ணாம்பால் இறுகியிருக்க, பாம்பு முட்டையின் ஓடு பதனிட்ட தோலைப் போல் நெகிழ்ந்து, சூழலில் ஈரம் இருந்தால் உறிஞ்சியும் இல்லையேல் இழந்தும் பருமன் மாறும் இயல்புடையது. எனவேதான் நாற்பது டிகிரியைக் கடக்கும் ஐதராபாத் கோடையில் தாய்ப்பாம்பு கறையான் புற்றையும் எலிவளையையும் நாடுகிறது. செயற்கை முறையில், வெர்மிகுலைட் என்னும் பொரிந்த கனிமத்துகளையோ தேங்காய் நார்க்கழிவையோ நனைத்து, கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் பெட்டியில் பரப்பி, முட்டைகளைப் பாதியளவு புதைத்து, வெப்பத்தை 28 முதல் 31 டிகிரி செல்சியசுக்குள் நிறுத்துகின்றனர். வெப்பம் மிகுந்தால் குட்டியின் முதுகெலும்பு வளைந்துபோகலாம். குறைந்தால் பொரிப்பு தாமதமாகும். நாகத்துக்கும் சாரைக்கும் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். தாயே இவ்வெப்பத்தை உண்டாக்கும் விந்தையும் உண்டு: முட்டைகளைச் சுற்றிச் சுருண்ட மலைப்பாம்பு தசைகளை அடுத்தடுத்துச் சுருக்கித் தன் உடலைச் சூடேற்றுவதை நியூயார்க்கின் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் அளந்தறிந்து 1966-இல் வெளியிட்டனர்.

முட்டையைப் புரட்டுதல் கூடாது என்பது இக்கலையின் தலையாய விதி. கோழி தன் முட்டைகளை உருட்டிவிடுகிறது. பாம்பு முட்டையிலோ கரு சில நாட்களுக்குள் மேற்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்வதால், தலைகீழாகத் திருப்பினால் அது மடியக்கூடும். ஆகவே முட்டையை எடுக்குமுன் அதன் மேற்புறத்தில் பென்சிலால் குறியிடுவதும், ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்காமல் வைப்பதும் வழக்கம்.

முட்டையின் நலத்தை அறிய, இருட்டறையில் அதனருகே சிறு விளக்கைப் பிடித்து நோக்குகின்றனர். இளஞ்சிவப்பு ஒளியும் கிளைத்தோடும் இரத்தக்குழாய்களும் தென்பட்டால் கரு உயிரோடு உள்ளது. மஞ்சளாக மட்டும் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் கூமுட்டை. ஆனால் தொடக்க நாட்களில் குழாய்கள் புலப்படாமையால், ஒருமுறை பார்த்தே முட்டையை எறிந்துவிடுவது பெரும் பிழை. பூஞ்சை படர்ந்த முட்டையும் உறுதியாக இருப்பின் பிழைக்கக்கூடும். கெட்ட நாற்றமும் ஒழுகலும் சேர்ந்தால்தான் நம்பிக்கை அறுகிறது. குழிவிழுதலை நாட்கணக்கோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். முதல் வாரங்களில் விழும் குழி ஈரக்குறைவைக் காட்டுவதால், முட்டைகள் புதைந்த படுகையில், முட்டையின்மீது படாமல், சிறிது நீர் சேர்த்தாலே பெரும்பாலும் அது நிமிர்ந்துவிடும். கடைசி இரு வாரங்களில் விழும் குழியோ பொரிப்பு நெருங்குவதன் இயல்பான அறிகுறி.

குட்டி தன் மூக்கு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறித் தலையை நீட்டியபின், ஓரிரு நாள் உள்ளேயே தங்கி, எஞ்சிய மஞ்சட்கருவை உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அவ்வேளையில் பரிவினால் ஓட்டைக் கிழித்து அதனை வெளியே எடுப்போர், மஞ்சட்கருப் பையைக் கிழித்து அதனைக் கொன்றுவிட நேரலாம். நாகக்குட்டி பிறக்கும்போதே நஞ்சுடையது. ஆதலால் பயிற்சி பெற்றவர் தவிரப் பிறர் அப்பெட்டியைத் திறத்தல் ஆகாது.